மாவு மில்காரனின் மனைவி பாடாத பாட்டு

நேற்றிலிருந்து என் கார் முழுக்கப் பாச்சை உருண்டை நாற்றம். பின்சீட்டில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. சென்னையில் மொத்தமாக வாங்கிவந்து தமிழ்ச் சங்கச் செயலாளர் வீட்டு கராஜில் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் ஒன்று. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உனக்கு அஞ்சலிக் கூட்டம் என்று போட்டு, உன் படத்துக்கு முன்னால் இதை வைத்து, கடைசியில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் திணித்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரரும் பையனும் உன்னைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஃப்ரீவேயில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஹூஸ்டன் புழுக்கம் உள்ளே வந்ததே தவிர நாற்றம் வெளியே போகவில்லை. உனக்கு 'இசைக்குயில்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? கடைசி வருஷங்களில் நீ பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. குரல் இருந்த நாளில் உன்னைப் பாடவிடாத அதே ஆட்கள், குரல் போய், ஆளும் போன பிறகு குயில் என்கிறார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உனக்கும் வந்திருக்கும். நீ என்னை மாதிரி முகத்தைச் சுளிக்கமாட்டாய், அவ்வளவுதான்.

நாம் முதலில் பேசியது டேகேர் வாசலில். என் பையன் பார்க்கிங் லாட்டில் தறிகெட்டு ஓட, நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவனைக் கூப்பிட்டேன். பொள்ளாச்சித் தொண்டை. வெள்ளைக்காரத் தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் நேராக என்னிடம் வந்தாய்.

"ஏட்டி, ஒனக்கு இருக்கது தொண்டையா, வெண்கலப் பானையா? எங்கூட ஒரு நாடகத்துல நடிக்க வாரியா?"

பேர்கூடக் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவளை 'ஏட்டி' என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "என்ன நாடகமுங்க?" என்று கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டேன். ஓபரா என்றாய். அதுவும் ஜெர்மன் ஓபரா. டிவியில் பார்த்திருந்த, கொம்பு வைத்த தொப்பியும் அலறலும் ஞாபகம் வந்து, "எனக்குப் பாட்டே வராது, ஆளை விடு புள்ள" என்றேன்.

"அதெல்லாம் பொறவு வந்த ஓபரா. இது ரொம்பப் பழசு, மொதமொதல்ல சிரிப்புக்குன்னு எழுதுன காலத்துது. நம்ம ஊரு நாடகம் மாதிரிதான். பேசுவாவ, நடுநடுவுல பாடுவாவ. ராசா ராணி கெடையாது. ஒனக்கு வச்சிருக்க வேஷத்துக்குப் பாட்டே இல்ல. அந்த ஆளுக்குக் காது கேக்காது. காது கேக்காதவன் எதுக்குட்டி பாடப் போறான்?"

உன் வீட்டுக்காரர் ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்பு படித்த காலத்தில், அந்தச் சின்ன ஊர் சர்ச் ஹாலில் ஒரு தடவை இதைப் போட்டார்களாம். இருநூறு வருஷத்துக்கு மேல் தூங்கிக் கிடந்த நாடகம். அங்கேயே யாருக்கும் தெரியாது. அதில் நீ கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடிய ஊர்க்காரி. அப்போதிருந்து அதில் வரும் மில்காரன் மனைவி வேஷத்தின் மேல் உனக்குக் கண். இசைப்பிரதியைப் படியெடுத்து, பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்து, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தாய்.

கதையை நீ உன் சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ஓர் ஊரில் ஒரு மாவு மில்காரன். கடன் கேட்பவன், பெண் கேட்பவன், நியாயம் கேட்பவன் என்று ஆள் மாற்றி ஆள் வந்து பிடுங்கியதில் அலுத்துப்போய், காது செவிடாகிவிட்டது என்று ஒரு நாள் நடிக்க ஆரம்பிக்கிறான். ஊரே அவன் காதில் வந்து கத்துகிறது. கத்தக் கத்த அவனுக்கு வேடிக்கை. மனைவியும் நாடகம் முழுக்கக் கத்துகிறாள். கடைசியில் எல்லாரும் ஓய்ந்துபோன பிறகு, அவள் ஒரு செம்பு வெந்நீரோடு வந்து, அவன் முதுகுப்பக்கம் நின்று, மிக மெதுவாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். கெஞ்சல் எதுவும் இல்லை. தலையெல்லாம் மாவாக இருக்கிறதே, வெந்நீர் ஆறுகிறதே, எழுந்து வாயேன் என்பதுதான் முழுப் பாட்டும். அவன் திரும்பி, "கேக்குது" என்கிறான். திரை.

"அந்தப் பாட்டுக்காகத்தான் மத்ததெல்லாம்" என்றாய்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இதைப் போடலாம் என்பது உன் யோசனை. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில், தலைவர் வீட்டு ஹாலில் கமிட்டி கூடியது. தலைவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "ஐடியா எல்லாம் சூப்பர் மேடம். பட் நம்ம ஆடியன்ஸ் கிட்ட எடுபடுமா? நடுவுல ரெண்டு சினிமா டான்ஸ் போட்டுட்டா கொஞ்சம் லைவ்லியா இருக்கும்" என்றார். நீ முடியாது என்றாய். அப்படியானால் குழந்தைகள் எல்லாரும் மேடையில் வந்தே ஆகவேண்டும், பேரன்ட்ஸ் கேட்பார்கள் என்றார். நம் விழாக்களில் அது மீற முடியாத சட்டம் அல்லவா? ஒரு குழந்தை விட்டுப்போனால் ஒரு குடும்பம் விலகும். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மில்லுல மாவு மூட்டை வேணும்லா, அதுவோ மூட்டையா இருக்கட்டும்" என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த மூட்டைகளை மேய்த்த பாடு எனக்குத்தான் தெரியும். தலையணை உறைக்குள் இறங்கி வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "ஆன்ட்டி, ஒய் டு ஐ ஹேவ் டு பீ எ சாக்?" என்று என் பையனே முதலில் கேட்டான். நீ அதற்கெல்லாம் அசரவில்லை. மூட்டைகளுக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்து, அதைத் தமிழில் சரியாகச் சொன்னால்தான் பீட்ஸா என்றாய். சொன்னார்கள். வீட்டில் எங்களிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசாத பிள்ளைகள், உன் கராஜில் "எங்களுக்கும் கேக்கல சாமி" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

சனிக்கிழமைதோறும் உன் கராஜில் ஒத்திகை. கார்கள் தெருவில் நிற்கும். புளியோதரையும் சுண்டலும் நேரத்துக்கு வந்துவிடும், நடிகர்கள் வரமாட்டார்கள். உன்னோடு லேபில் வேலைபார்த்த லிண்டா மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து பியானோவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எந்த வரி எங்கே முடியும் என்று நம் எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். ஜெர்மன் மெட்டுக்குள் தமிழை உட்காரவைக்க நீ பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஒரு சொல் நீண்டுவிட்டால் அடித்து, மாற்றி, பாடிப் பார்த்து, மறுபடி அடிப்பாய்.

ஆனால் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் நீ ஒத்திகையில் பாடவே இல்லை. அந்த இடம் வந்ததும் லிண்டா மெட்டை வாசிப்பாள், நீ வார்த்தைகளைத் தாளத்தில் வெறுமனே சொல்லிக்கொண்டு போவாய். பாடகர்கள் குரலை மேடைக்கென்று மிச்சம் பிடிக்கிற வழக்கம் அது என்று லிண்டாதான் எனக்குச் சொன்னாள். நான் சந்தேகப்பட்டேன். "ஏம்புள்ள, அந்த எடத்துல நான் எப்படித் திரும்பறதுன்னு தெரிய வேண்டாமா? ஒருக்கா பாடிக் காட்டினா என்ன?" என்று கேட்ட அன்றுதான் நீ கழுத்தைத் தொட்டுக் காட்டினாய்.

தைராய்டில் கட்டி. நல்ல கட்டி இல்லை. குரல் நரம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. வெட்டினால் குரல் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். சர்ஜனிடம் சண்டை போட்டு, பொங்கல் விழா முடிந்த அந்த வாரம் என்று தேதி வாங்கியிருந்தாய். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

"கொஞ்சம் பாடுனாலே களைச்சிருதுட்டி. சேத்து வைக்கேன். ஒரு தடவ மேடையில அதப் பாடிட்டேன்னா போதும். பொறவு வெட்டட்டும்."

இதை நீ அழுதுகொண்டு சொல்லவில்லை. சுண்டல் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாய்.

பொங்கல் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹைஸ்கூல் அரங்கம் சாயங்காலம் வரைக்கும்தான் நமக்கு. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாடகம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. முதலில் வரவேற்புரை, அப்புறம் ஸ்பான்சர் ஒருவரின் இன்சூரன்ஸ் பேச்சு, அப்புறம் நோட்டீஸில் இல்லாத ஒரு சினிமா டான்ஸ், அது நன்றாக இருந்ததென்று அதையே இன்னொரு தடவை. நான் ஒட்டுமீசையோடு திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றேன். மூட்டைகளில் ஒன்று தூங்கிப்போய்விட்டது. நீ யாரிடமும் பேசாமல், தண்ணீர்கூடச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு, மூலையில் உட்கார்ந்திருந்தாய்.

ஒருவழியாக ஆரம்பித்தோம். நன்றாகவே போனது, அதுதான் கொடுமை. ஜனங்கள் சிரித்தார்கள். மூட்டைகள் வசனம் சொன்னபோது அரங்கமே அதிர்ந்தது. பின்வரிசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த மாமாக்கள்கூட முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஊரார் எல்லாரும் கத்தி ஓய்ந்துபோய் உட்காரும் இடம் வந்தது. நான் முதுகைக் காட்டி நாற்காலியில் இருந்தேன். லிண்டா உன் பாட்டுக்கு முன்னால் வருகிற மெட்டைத் தொடங்கினாள். பலகையில் உன் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று மைக்கில் ஒரு குரல்.

விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய சிறப்பு விருந்தினரின் விமானம் தாமதம்; ஏர்போர்ட்டிலிருந்து இப்போதுதான் கூட்டிவந்திருக்கிறார்கள். பட்டிமன்றப் பேச்சாளர். அவரை நேராக மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். நாடகம் நடந்துகொண்டிருக்கிறதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தலைவர் மாலையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் நடந்து வந்தார். "கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வாங்கி விருந்தினருக்குப் போட்டார்கள். நீ செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாய். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், படத்துக்கு மறுபடி போர்த்தினார்கள்.

அந்த மனுஷன் பேச ஆரம்பித்தார். அமெரிக்கா வந்து தமிழை மறந்துவிடாதீர்கள் என்று, தமிழில் வசனம் பேசிவிட்டு உட்கார்ந்திருந்த மூட்டைகளுக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியப் பேசினார். மேடையில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிண்டா கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கைதட்டலுக்கும் உன் முகத்தைப் பார்த்தாள். இப்போது ஆரம்பிக்கவா என்று கண்ணால் கேட்டாள். நீ இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. மீசையோடு தலைவரைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனேன். சத்தியத்தை மீறித்தான் சொன்னேன்.

"ஏனுங்க, அவரு பேச்ச நிறுத்துங்க. இன்னும் ஒரு பாட்டுதான் பாக்கி. அவளுக்கு இந்த வாரம் கழுத்துல ஆபரேஷன். அதுக்கப்புறம் பாட முடியுமோ என்னமோ. அந்தப் பாட்ட மட்டும் பாடிக்கட்டுங்க."

அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அய்யய்யோ, ஆபரேஷனா? டேக் கேர் பண்ணிக்கச் சொல்லுங்க. ஆனா சீஃப் கெஸ்ட்ட எப்படிங்க பாதியில நிறுத்தறது, மரியாதையா இருக்காதே. டின்னர் வேற ஆறிப்போகுது. நெக்ஸ்ட் இயர் இங்கருந்தே கன்டின்யூ பண்ணிக்கலாம் மேடம்."

சீ. எத்தனையோ கேவலமான மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆள் கேவலமானவர்கூட இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, கோயிலுக்குக் காய் நறுக்குவார், ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டுவார். அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. திட்டுவதற்குக்கூட அந்த ஆளிடம் ஒரு பிடி கிடைக்கவில்லை.

பேச்சு முடிந்தது. ஜனங்கள் தட்டை எடுக்க ஓடினார்கள். ஸ்கூல் ஆள் சாவிக்கொத்தோடு வந்து மேடை விளக்கை அணைக்க ஆரம்பித்தான். தலைவர் கடைசியாக மேடைக்கு வந்து, வெந்நீர்ச் செம்போடு நின்ற உன் தோளிலும் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, "கலக்கிட்டீங்க மேடம்" என்றார். நீ நன்றி சொன்னாய். அதை நான் உனக்கு ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

வெளியே ஃபோம் தட்டில் பிசிபேளா சாதத்தோடு ஒரு அம்மாள் உன்னிடம் வந்து, "கடைசில அந்த ஆளுக்குக் காது கேட்டுதா இல்லியாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார். பாவம், அந்த ஒரு ஆத்மாதான் கேட்டது. "கேக்கலக்கா. அத்தோட முடிஞ்சிட்டு" என்றாய்.

வீட்டுக்குப் போகும்போது நான் காரில் பொரிந்து தள்ளினேன். புதன்கிழமை எல்லாரையும் உன் கராஜுக்குக் கூப்பிடுகிறேன், கடைசிக் காட்சியை மட்டும் போடுவோம், நீ பாடு என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய்.

"வேண்டாம்டி. நாடகம்னா தெரியாத ஆளு நாலு பேரு உக்காந்து கேக்கணும். ஒங்களுக்கெல்லாம் மனசு ஆறட்டும்னு கராஜுல பாடவா நான் இத்தன மாசம் சேத்து வச்சேன்?"

அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. என்ன பிடிவாதம் இவளுக்கு என்று நினைத்தேன். புதன்கிழமை மனசு கேட்காமல் உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஃப்ரீசரை நிரப்பிக்கொண்டிருந்தாய். சாம்பார், கறிக்குழம்பு, கூட்டு என்று டப்பா டப்பாவாக. "மீன் கொழம்ப ஃப்ரீசர்ல வைக்கலாமாட்டி?" என்று கேட்டாய். நான் மூடிகளை அழுத்தி மூடினேன். வேலை செய்யும்போது எப்போதும் எதையாவது முனகுகிற நீ, அன்று ஒரு சத்தமும் எழுப்பவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குக் காற்றுதான் மிஞ்சியது. உன் வீட்டுக்காரர் மாடியிலிருந்து "என்ன சொன்ன?" என்பார், நீ படியேறிப் போய்ச் சொல்வாய். போனில் பேசினால் எதிர்ப்பக்கத்து ஆள் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவான். நீ அதற்கும் ஏதாவது கேலி சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. இந்தியன் கடையில் தலைவரைப் பார்த்தால் நான் சாமான் தள்ளுகிற வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவேன். ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். "உங்க டிராமா இன்னும் கண்ணுலயே நிக்குதுங்க" என்றார். அதில் துளிப் பொய் இல்லை. முழுசாகப் பார்த்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

நேற்றைய கூட்டத்திலும் அப்படித்தான். நீ அந்த மேடையில் பாடிய கடைசிப் பாட்டை மறக்கவே முடியாது என்று தலைவர் நாத்தழுதழுக்கச் சொன்னார். நான்கு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "அந்த டிராமாவோட லாஸ்ட் டயலாக்க ஒரு வாட்டி சொல்லுங்களேன் மேடம், ரொம்ப ஃபீலிங்கா இருக்கும்" என்றார்.

நான் சொன்னது இதுதான்: "அந்தப் பாட்ட அவ பாடவே இல்லீங்க. பாட வந்து நின்னா. நீங்க நாற்காலியப் புடுங்கி இன்னொருத்தருக்குப் போட்டீங்க. இங்க இருக்கற ஒருத்தரும் அதக் கேக்கல, நானும் கேக்கல."

தலைவர் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டு, "பாவம், ரொம்ப எமோஷனல் ஆயிட்டாங்க" என்றார். பிறகு சாப்பாடு தயார் என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்துபோய்த் தட்டோடு வரிசையில் நின்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் 'கேக்குது' எனக்கு மறந்துவிட்டது என்று சிலர் நினைத்திருக்கலாம். உனக்குத் தெரியும். இந்தப் பிப்ரவரியில், உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் காப்பி வாங்கப் போயிருந்தார். உனக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் போல இருந்தது, என்னிடம் வேறொன்றும் இல்லை. "ஏம்புள்ள, என்னோட கடைசி வசனத்த இப்ப ஒருக்கா சொல்லட்டா?" என்று கேட்டேன்.

நீ வேண்டாம் என்று விரலை ஆட்டினாய். நான் குனிந்தேன். காதை உன் வாய்க்கு மிக அருகில் கொண்டுவந்தால்தான் உன் பேச்சு பிடிபடும்.

"பொய் சொல்லாதட்டி. நான் இன்னும் பாடல."

சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, அவர்களிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, நான் இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.